றவுட்டர் வாங்கும் முன்

தண்ணீர் இறைக்கும் இயந்திரம் வாங்க நினைப்பவர் நேரே கடைக்குப் போவதில்லை. முதலில் கிணற்றை எட்டிப் பார்க்கிறார். ஊற்று எப்படி, சித்திரை வைகாசியில் நீர் எவ்வளவு இறங்கும், தோட்டம் கிணற்றடியிலிருந்து எவ்வளவு தூரம் என்பவற்றைக் கணக்கிட்ட பிறகே இரண்டு அங்குல இயந்திரமா, மூன்று அங்குல இயந்திரமா என்ற பேச்சு எழும். ஊற்றுக் குறைந்த கிணற்றில் பெரிய இயந்திரத்தை வைத்தால் தண்ணீர் கூடி வராது. கிணறு வற்றும், எண்ணெய்ச் செலவுதான் கூடும்.

வீட்டு இணைய இணைப்புக்கு றவுட்டர் வாங்குவதும் இதே கணக்குத்தான். வெளியிலிருந்து வரும் இணைப்பு கிணறு. றவுட்டர் அந்தத் தண்ணீரை வீட்டுக்குள் பங்கிட்டு விடும் இயந்திரம். கிணற்றில் இல்லாததை அது தராது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் கடைக்காரர் சொல்லும் பெரிய எண்களுக்கு நாம் மயங்க மாட்டோம்.

2020 மார்ச்சில் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பிள்ளைகளின் பாடம் கைத்தொலைபேசிக்குள் வந்தது. பாடசாலைகள் திறந்த பின்னும் தனியார் வகுப்புகள் பல அங்கேயே நின்றுவிட்டன. கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் பிள்ளைகளின் முகம் பார்ப்பதும், வங்கிக் கணக்குப் பார்ப்பதும், சுன்னாகம் சந்தையில் இன்று வெங்காயம் என்ன விலை என்று விசாரிப்பதும் அதற்குள்ளேதான். ஆகவே வீட்டில் இணையம் ஆடம்பரம் என்று நாங்கள் சொல்லப் போவதில்லை. ஆனால் அளவெட்டியிலும் அயலிலும் அதற்காக எடுக்கப்படும் பணம் பெரும்பாலும் விதைக்கோ பசளைக்கோ ஒதுக்கிய பணம். அதை வீணாக்காமல் செலவிடுவது எப்படி என்பதே இந்தப் பாடம்.

வீட்டுக்கு வந்து சேர்வது எது?

எமது பகுதியில் இணையம் மூன்று வழிகளில் வருகிறது. பழைய தொலைபேசியின் செப்புக் கம்பி ஒன்று. கண்ணாடி இழையாலான ஃபைபர் இணைப்பு இன்னொன்று. மூன்றாவது, கம்பியே இல்லாமல் கோபுரத்திலிருந்து வரும் 4ஜி. இவற்றோடு 2025 யூலையில் செய்மதி வழியான ஸ்டார்லிங்க் சேவையும் இலங்கையில் தொடங்கியது. அதைப் பற்றி இங்கு நாம் பேசவில்லை.

செப்புக் கம்பியில் வேகம் தூரத்தோடு குறையும். தொலைபேசி நிலையத்திற்கு அருகில் உள்ள வீட்டுக்கு வினாடிக்கு இருபது மெகாபிட் கிடைத்தாலும், நாலைந்து கிலோமீற்றர் தள்ளியிருக்கும் வீட்டுக்கு அதில் சிறு பங்குதான் வரும். எந்த றவுட்டராலும் இதை மாற்ற முடியாது. ஃபைபரில் இந்தத் தூரக் குறை எமது ஊர் அளவில் இல்லை. 4ஜி இணைப்போ கோபுரத்தின் தூரத்தையும், அதே நேரத்தில் அந்தக் கோபுரத்தைப் பாவிப்பவர்களின் தொகையையும் பொறுத்தது. மாலை ஏழு மணிக்கு எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வகுப்பில் இருக்கும்போது வேகம் விழுவது இதனால்தான்.

ஒவ்வொரு வழிக்கும் வேறு வேறு பெட்டி வேண்டும். செப்புக் கம்பிக்குத் தொலைபேசி வயர் செருகும் சிறிய துளை உள்ள மோடம் றவுட்டர். ஃபைபருக்கு, ஒளியை மின்சமிக்ஞையாக மாற்றும் பெட்டி ஒன்றை இணைப்பைத் தரும் நிறுவனமே பொருத்தும். இக்காலத்தில் பொருத்தப்படும் பெட்டிகளில் பெரும்பாலும் வைஃபையும் சேர்ந்தே இருக்கிறது. 4ஜிக்கு சிம் இடும் றவுட்டர்.

வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டிகளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கனடாவிலும் அமெரிக்காவிலும் தொலைக்காட்சிக்காக இழுத்த தடித்த கேபிள் வழியாகவே பல வீடுகளுக்கு இணையம் வருகிறது. அங்கே பாவிக்கும் கேபிள் மோடத்தின் பின்புறத்தில் திருகிப் பூட்டும் பித்தளை முனை ஒன்று இருக்கும். உறவினர் ஊருக்கு வரும்போது, "விலை கூடின சாமான், வீணாகக் கிடக்கு" என்று அன்போடு கொண்டுவந்து தருவது பெரும்பாலும் இதைத்தான். எமது தொலைபேசிக் கம்பியிலும் ஃபைபரிலும் அதை நேரடியாகப் பூட்ட முடியாது. அதில் நீல நிறத்திலோ வேறு நிறத்திலோ தனியாக "வான்" என்று குறித்த வலையமைப்புத் துளை இருந்தால், இங்குள்ள பெட்டிக்குப் பின்னால் இரண்டாவது றவுட்டராக வைக்கலாம். திருகுமுனை மட்டும் இருந்தால் பெரிதாகப் பயன்படாது.

இன்னும் ஒன்று. அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ற், இங்கே 230 வோல்ற். அடப்டரின் மேல் சிறிய எழுத்தில் 100 முதல் 240 வரை என்று இருந்தால் பயமில்லை, பிளக்கின் வடிவத்தை மாற்றினால் போதும். 120 மட்டும் என்று இருந்தால் செருகியவுடன் புகைந்துவிடும். சிம் இடும் றவுட்டராக இருந்தால் அது இங்குள்ள அலைவரிசைகளைப் பிடிக்குமா என்றும் பார்க்க வேண்டும். இங்கு 4ஜி சேவைக்கு 1800, 2300 மெகாஹேர்ட்ஸ் போன்ற அலைவரிசைகள் பயன்படுகின்றன. வட அமெரிக்காவுக்கென்று செய்த பெட்டிகள் சில இவற்றைப் பிடிப்பதில்லை. வெளிநாட்டில் உள்ளவர்கள் கேட்டால், "பெட்டி அனுப்ப வேண்டாம், பணமாகத் தாருங்கள், இங்கேயே வாங்குகிறோம்" என்று சொல்வதே நல்லது. சொல்ல வெட்கமாக இருக்கலாம். ஆனாலும் சொல்லுங்கள்.

பெட்டி யாருடையது?

நகரத்தில் வெளியாகும் ஆலோசனைகளில் இந்தக் கேள்வி வராது. எமக்கு இதுவே முதற் கேள்வி. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் முழுவதோடும் சேர்ந்து மீண்டும் வெளியேறின. பலர் எத்தனை வளவுகளில் இருந்தோம் என்பதை விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கிறது. காணி விடுபட்டவர்கள் உண்டு. இன்றும் விடுபடாமல் உறவினர் வளவிலும் வாடகை வீட்டிலும் இருப்பவர்களும் உண்டு. அப்படியிருப்பவர் றவுட்டர் வாங்குமுன், அடுத்த வருடம் இதே முகவரியில் இருப்போமா என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஃபைபரும் செப்புக் கம்பியும் வீட்டோடு கட்டப்பட்டவை. இடம் மாறினால் புதிய இடத்தில் அந்த வசதி இருக்க வேண்டும், மாற்றுவதற்குக் கட்டணமும் இருக்கலாம். நிறுவனம் தந்த பெட்டியை இணைப்பை விடும்போது திருப்பிக் கொடுக்க வேண்டுமா, குறைந்தது எத்தனை மாதம் வைத்திருக்க வேண்டும் என்பதை ஒப்பமிடுமுன் கேட்டு எழுதி வாங்குங்கள். இணைப்பு யாருடைய பெயரில் இருக்கிறது என்பதும் முக்கியம். வீட்டுக்காரரின் பெயரில் எடுத்த இணைப்பை வாடகைக்கு இருப்பவர் தன்னோடு கொண்டுபோக முடியாது.

4ஜி றவுட்டரைப் பையில் வைத்துக் கொண்டு போகலாம். இது எம்மவர்க்குப் பெரிய வசதி. ஆனால் இரண்டு பூட்டுகளைக் கவனிக்க வேண்டும். சில றவுட்டர்கள் விற்ற நிறுவனத்தின் சிம்மை மட்டுமே ஏற்கும். சில வீட்டு இணைப்புகள் பதிந்த இடத்துக்கு அருகிலுள்ள கோபுரத்திலேயே வேலை செய்யும். வேறு ஊருக்குக் கொண்டுபோனால் பேசாமல் இருக்கும். இரண்டையும் வாய்விட்டுக் கேளுங்கள். சிம் பூட்டு இல்லாத றவுட்டர் சற்று விலை கூடினாலும், எந்த ஊரில் எந்தச் சேவை நன்றாகப் பிடிக்கிறதோ அதற்கு மாறிக்கொள்ளலாம். தற்காலிகமாக இருக்கும் குடும்பத்துக்கு நாங்கள் இதையே சொல்வோம். சொந்தக் காணியில் வீடு கட்டி இருந்துவிட்டவர்கள், ஃபைபர் வாசல் வரை வந்திருந்தால் அதை எடுப்பதே புத்தி.

வாங்கும் முன் ஒரு சோதனை

ஏற்கனவே இணைப்பு உள்ள வீடுகளில் "வேகம் இல்லை, புது றவுட்டர் வாங்க வேணும்" என்ற பேச்சு அடிக்கடி எழும். காசு எடுக்குமுன் இதைச் செய்யுங்கள். கைத்தொலைபேசியை றவுட்டருக்கு ஆறு அடி தூரத்தில் பிடித்து வேகத்தை அளக்கும் செயலி ஒன்றை ஓட்டுங்கள். பிறகு பிள்ளை படிக்கும் இடத்துக்குப் போய் மறுபடி ஓட்டுங்கள். காலையிலும் இரவிலுமாக இரண்டு நாட்கள் அளந்து கொப்பியில் குறித்து வையுங்கள்.

றவுட்டருக்குப் பக்கத்திலேயே வேகம் குறைவு என்றால் குற்றம் பெரும்பாலும் வெளி இணைப்பில், அல்லது மாத அளவு முடிந்துவிட்டது. அதற்கு நிறுவனத்தோடுதான் பேச வேண்டும். பக்கத்தில் நல்ல வேகம், அறைக்குள் போனால் இல்லை என்றால், குற்றம் வீட்டுக்குள். அப்போதும் முதலில் செய்ய வேண்டியது றவுட்டரை இடம் மாற்றுவது. அதற்குச் செலவில்லை.

வேகத்தைப் பார்க்கும்போது ஒரு கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். இணைப்பின் வேகத்தை மெகாபிட்டிலும், மாத அளவைக் கிகாபைட்டிலும் சொல்வார்கள். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஒரு பிள்ளை காணொளி வகுப்பில் இருக்க வினாடிக்கு ஒன்று முதல் மூன்று மெகாபிட் வரை போதும். ஆகவே இரண்டு பிள்ளைகள் வகுப்பில் இருக்க, தாய் கனடாவோடு பேச, பத்து மெகாபிட் உண்மையாகக் கிடைத்தால் வீடு சமாளிக்கும். அந்த வீட்டுக்கு ஆயிரம் மெகாபிட் தாங்கும் றவுட்டர் எதற்கு?

பெட்டியின் மேல் உள்ள எண்கள்

கடையில் "என் 300", "ஏ.சி. 1200", "ஏ.எக்ஸ். 1500" என்று எழுதிய பெட்டிகள் இருக்கும். முன்னால் உள்ள எழுத்து எந்தத் தலைமுறை என்பதைச் சொல்கிறது. "என்" என்பது 2009 இல் வந்த வைஃபை 4. "ஏ.சி." அதற்குப் பின் வந்த வைஃபை 5. "ஏ.எக்ஸ்." என்பது வைஃபை 6. பின்னால் உள்ள எண் ஏமாற்றும். 1200 என்பது ஒரே வேகம் அல்ல. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையில் 300, 5 கிகாஹேர்ட்ஸ் அலையில் 867, இரண்டையும் கூட்டி முழு எண்ணாக்கியது. அதுவும் பரிசோதனைச் சாலைக் கணக்கு. ஒரு கைத்தொலைபேசிக்கு வீட்டில் அதில் பாதி கிடைத்தாலே பெரிய விடயம்.

அலைகளின் வித்தியாசத்தை அளவெட்டியாருக்கு விளக்குவது எளிது. தவிலும் நாதஸ்வரமும் கேட்டு வளர்ந்த ஊர். தூரத்துக் கோயிலில் மேளக்கச்சேரி நடக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தால், முதலில் சுவர் கடந்து வருவது தவிலின் தொப்பிப் பக்கத்து அடித்தொனி. நாதஸ்வரத்தின் நுணுக்கங்கள் பக்கத்தில் இருந்தால்தான் தெளிவாகக் கேட்கும். 2.4 கிகாஹேர்ட்ஸ் அடித்தொனி போன்றது. தூரம் போகும், சுவர் கடக்கும், வேகம் குறைவு. 5 கிகாஹேர்ட்ஸ் வேகம் கூடியது, இரண்டு சுவருக்குள் களைத்துவிடும். அதனால் இரண்டு அலையும் உள்ள றவுட்டரே வாங்கத் தக்கது. இன்று 2.4 மட்டும் உள்ள பெட்டியை மிக மலிவாகத் தந்தாலொழிய வாங்க வேண்டாம்.

ஃபைபர் இணைப்பில் 100 மெகாபிட்டுக்கு மேல் பொதி எடுத்தவர்கள், றவுட்டரின் துளைகள் "கிகாபிட்" என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய வகைத் துளை 100 மெகாபிட்டுக்கு மேல் விடாது. மற்றவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. வைஃபை 6 பெட்டி நியாயமான விலையில் கிடைத்தால் எடுக்கலாம், பல கருவிகள் ஒரே நேரத்தில் ஓடும் வீட்டில் அது உதவும். 2024 முதல் வந்துள்ள வைஃபை 7 எமது தேவைக்கு மிஞ்சியது. எத்தனை அன்ரனா நிற்கிறது என்பதை வைத்து மட்டும் தரம் பார்க்காதீர்கள். ஆறு கொம்பு உள்ள மாடு கூடப் பால் தரும் என்று யாரும் நினைப்பதில்லை.

சுவரும் தகரமும்

பழைய யாழ்ப்பாணத்து வீடுகளின் சுண்ணாம்புக்கல் சுவர்கள் ஒரு அடிக்கு மேல் தடிப்பானவை. வெயிலுக்கு நல்லவை, வைஃபைக்கு எதிரிகள். வீட்டுத் திட்டத்தில் கட்டிய 500, 600 சதுர அடிச் சீமெந்துக்கல் வீட்டில் ஒரு சாதாரண றவுட்டரை நடுவில் வைத்தால் குசினி வரை பிடிக்கும். தகரம் அலையைக் கடக்க விடாது, திருப்பி அனுப்பும். தகரத்தால் அடைத்த அறைக்குள் வெளியிலிருந்து வைஃபை போவது கடினம். இரும்பு அலுமாரி, நீர்த்தாங்கி, கண்ணாடி அலுமாரியின் பின்பக்க இரசப்பூச்சு எல்லாம் மறிப்புத்தான்.

ஆகவே றவுட்டரை விறாந்தை மூலையில், தொலைபேசி வயர் வந்து விழுந்த இடத்திலேயே விட்டுவிடக் கூடாது. வீட்டின் நடுப்பகுதியில், ஆள் உயரத்தில், திறந்த தட்டில் வையுங்கள். குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னாலும், தொலைக்காட்சி அலுமாரிக்குள்ளும் வேண்டாம். மைக்குறோவேவ் அடுப்பு உள்ள வீட்டில் அதற்குத் தள்ளி வையுங்கள், அதுவும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையிலேயே வேலை செய்கிறது. கூரைத் தகரத்துக்கு நேர் கீழே வைத்தால் மத்தியான வெக்கையில் றவுட்டர் தானாகவே நின்று நின்று வேலை செய்யும். எறும்பும் பல்லியும் அதன் சூட்டைத் தேடி உள்ளே போகும். மாதம் ஒருமுறை தூசு தட்டுங்கள், ஆனால் துணியால் மூடி வைக்காதீர்கள்.

நடுவில் வைத்தும் பின்னறைக்குப் பிடிக்கவில்லை என்றால் அலையை வாங்கித் திருப்பி விடும் சிறு பெட்டிகள் விற்கிறார்கள். அவற்றில் பல வேகத்தைப் பாதியாக்கிவிடும். அதைவிட றவுட்டரிலிருந்து வலையமைப்பு வயர் ஒன்றை இழுத்து மறுமுனையில் இரண்டாவது றவுட்டரை வைப்பது உறுதியானது. அந்த வயர் 100 மீற்றர் வரை போகலாம். வாங்கும்போது முழுச் செப்பு வயரா, அலுமினியத்துக்குச் செப்பு முலாம் பூசியதா என்று கேளுங்கள். பின்னையது மலிவு, விரைவில் முறியும்.

மின்வெட்டும் இடியும்

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட சனத்துக்கு நேரோட்ட மின்சாரத்தைப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. றவுட்டரும் அப்படி ஒரு சாமான்தான். அடப்டர் 230 வோல்றை 12 அல்லது 9 அல்லது 5 வோல்றாகக் குறைத்தே அதற்குக் கொடுக்கிறது. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் ஒரு நாளில் 13 மணிநேரம் மின்வெட்டு இருந்தபோது, றவுட்டருக்கென்று சிறிய மின்கலப் பெட்டிகள் கடைகளுக்கு வந்தன. இன்றும் கிடைக்கின்றன. 12 வோல்ற் றவுட்டர் வாங்கினால் இந்தப் பெட்டிகள் எளிதாகப் பொருந்தும். இதையும் வாங்கும் முன் பாருங்கள்.

12 வோல்ற் 7 அம்பியர்மணி மின்கலம் ஒன்று 8 வாற்று றவுட்டரை ஏறக்குறைய ஆறு மணிநேரம் ஓட்டும். மின்கலத்தை நேரே பூட்ட நினைப்பவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். மின்னேற்றிக்கொண்டிருக்கும்போது மின்கலத்தில் 14 வோல்றுக்கு மேல் நிற்கும், எல்லா றவுட்டரும் அதைத் தாங்காது. நேர்முனை பிளக்கின் நடுவிலா வெளியிலா என்பது பெட்டியின் அடியில் படமாக இருக்கும், மாறிக் கொடுத்தால் அதோடு சரி. ஃபைபர் வீட்டில் நிறுவனத்தின் பெட்டியும் றவுட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும். 8 வாற்று றவுட்டர் இரவு பகலாக ஓடினால் மாதத்துக்கு ஏறக்குறைய 6 அலகு மின்சாரம் போகும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

பங்குனி சித்திரையிலும், ஐப்பசி கார்த்திகையிலும் இடி மின்னல் கூட. பனை நிற்கும் வளவில் சொல்லத் தேவையில்லை. வானம் இருண்டவுடன் றவுட்டரின் மின் பிளக்கையும், செப்புக் கம்பி இணைப்பானால் தொலைபேசி வயரையும் கழற்றி விடுங்கள். ஆளி அணைத்தால் மட்டும் போதாது. ஃபைபரின் கண்ணாடி இழை மின்னலைக் கடத்தாது, ஆனால் மின்சார வயர் கடத்தும். முற்றத்தால் வயர் இழுத்திருந்தால் அதையும் இரு முனையிலும் கழற்ற வேண்டும்.

ஒரே வளவில் பல குடும்பங்கள்

மூன்று குடும்பங்கள் ஒரே வளவில் இருந்து ஓர் இணைப்பைப் பங்கிடுவது எமக்குப் புதிதல்ல. கிணற்றையும் அப்படித்தான் பங்கிட்டோம். அதில் சண்டை வருவதும் புதிதல்ல. பெரும்பாலான பொதிகளுக்கு மாத அளவு உண்டு. ஒரு வீட்டுப் பெடியன் இரவிரவாகப் படம் பார்த்தால் இருபதாந் திகதியோடு மற்ற வீட்டுப் பிள்ளையின் வகுப்பு நின்றுவிடும். இதைத் தடுக்கும் வசதி றவுட்டரில் இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள். ஒவ்வொரு கருவிக்கும் வேக எல்லை வைப்பது, இரவு இத்தனை மணிக்குப் பின் நிறுத்துவது, அயலவருக்கென்று தனியான விருந்தினர் வலையமைப்பு வைப்பது ஆகிய மூன்றும் இன்று நடுத்தர விலைப் பெட்டிகள் பலவற்றில் உண்டு. அன்ரனாவுக்குக் கொடுக்கும் காசைவிட இதற்குக் கொடுக்கும் காசு பயன்படும்.

கடவுச்சொல் விடயத்தில் அலட்சியம் வேண்டாம். இணைப்பு யாருடைய பெயரில் இருக்கிறதோ அவரிடமே கேள்வி வரும். வைஃபை கடவுச்சொல் வேறு, றவுட்டரின் அமைப்பை மாற்றும் கடவுச்சொல் வேறு. வாங்கும்போது இரண்டாவது பெரும்பாலும் எல்லாருக்கும் தெரிந்த ஒரே சொல்லாக இருக்கும், பூட்டும் நாளிலேயே அதை மாற்றுங்கள். பாதுகாப்பு முறையில் டபிள்யூ.பி.ஏ. 2 அல்லது 3 என்பதைத் தெரிவு செய்யுங்கள். டபிள்யூ.ஈ.பி. என்ற பழைய முறை 2001 இலேயே உடைக்கப்பட்டுவிட்டது. அது மட்டும் உள்ள பழைய பெட்டியை இலவசமாகத் தந்தாலும் வாங்க வேண்டாம்.

கடையில் காசு கொடுக்குமுன், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அங்கீகாரம் உள்ள பெட்டியா என்று கேளுங்கள். உத்தரவாத அட்டையில் கடையின் முத்திரையும் திகதியும் இருக்க வேண்டும். பற்றுச்சீட்டைக் காணி உறுதியோடு வைக்கத் தேவையில்லை, ஆனால் வைத்த இடம் தெரிந்திருக்க வேண்டும்.

வீடு மாறும்போதோ பழைய பெட்டியை இன்னொருவருக்குக் கொடுக்கும்போதோ, பின்னால் உள்ள ஊசித்துளைக்குள் குச்சியை விட்டுப் பத்து வினாடி அழுத்திப் பிடியுங்கள். விளக்குகள் அணைந்து மீண்டும் எரியும். உங்கள் கடவுச்சொற்கள் அதிலிருந்து போய்விடும். 4ஜி றவுட்டரானால் சிம்மையும் கழற்றிக்கொள்ளுங்கள்.